கடைசி இளநீர்

டோரோமோன் மரத்தில் ஏறும்போது பாடுவதை நிறுத்திவிட்டார். அந்தத் தீவில் இது சின்ன விஷயமில்லை. காலையிலும் மாலையிலும் பதநீர் இறக்க ஏறுகிற ஆண்கள் எல்லோரும் தென்னை உச்சியில் உட்கார்ந்து, பாளையைச் சீவிக்கொண்டே தொண்டை திறந்து பாடுவார்கள். கீழே கிணற்றடியில் குளிக்கிற பெண்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரிய வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஏறின ஆள் விழவில்லை என்று தெரிய வேண்டும். பாடாமல் ஏறுகிறவனை ஊர் இரண்டு விதமாகத்தான் நினைக்கும்: திருடன், இல்லையென்றால் நோயாளி.

"உபதேசியாரே, மேல இருக்கீங்களா, இல்ல மேலயே போய்ட்டீங்களா?" என்று பக்கத்து மரத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"இருக்கேன்டா."

"இருந்தா பாடுங்க. கீழ உங்க மச்சினி குளிக்கிறாங்க."

டோரோமோன் இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரி வரவில்லை. குடுவையைக் கட்டிவிட்டு இறங்கினார்.

அது தவக்காலத்தின் இரண்டாவது வாரம். அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த ஊருக்கு உபதேசியார். பங்குக்குரு தீவின் மறுகோடியில் இருந்துகொண்டு ஒன்பது ஊர்களைப் பார்த்துக்கொள்பவர். சாதாரண நாளில் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும், பாட்டு எடுத்துக் கொடுப்பதும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவதும், மிஷன் பள்ளியில் வாரம் ஒரு பாடவேளை மறைக்கல்வி சொல்லித் தருவதும் டோரோமோன்தான். அவரை நல்ல உபதேசியார் என்று சொல்லிவிட முடியாது. மோசமானவர் என்றும் சொல்ல முடியாது. நல்ல மீனவர். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இளம் வயதில் இரண்டு வருடம் உபதேசியார் பயிற்சிப் பள்ளியில் இருந்தார். வேறொரு தீவில், காயலின் கரையில் இருந்தது அந்தப் பள்ளி. முப்பது மாணவர்கள், ஒரு வயதான சாமியார், ஒரு கரும்பலகை. அரிசிக் கப்பல் தாமதமானால் மாணவர்களே மீன் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். அவர்களில் யாருக்கும் டோரோமோன் அளவுக்கு மீன் கிடைக்காது. இரண்டாம் வருடம் ஜூலை மாதம், சூரைமீன் கூட்டம் வந்த வாரத்தில், சாமியார் ஞானஸ்நானம் முதலான திருவருட்சாதனங்களைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார். முதல் நாள் காலையில் டோரோமோன் நோட்டுப்புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க?" என்றார் சாமியார். "படகைத் தள்ளிக்கிட்டு போ. முப்பது வயிறு இருக்கு."

"பாடம் இருக்கே ஃபாதர்."

"ஞானஸ்நானம்தானே. நீயே வாங்கினவன். உனக்குத் தெரியாததா? யார்கிட்டயாவது நோட்டு வாங்கி எழுதிக்கோ."

வகுப்பே சிரித்தது. டோரோமோனும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க மீன் கிடைத்தது. நோட்டு வாங்கி எழுத மறந்துவிட்டார். ஆண்டு முடிவில் சாமியார் அவருக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். முப்பது பேரையும் அந்தப் பள்ளி பட்டினியில்லாமல் வைத்திருந்தது. அது நல்ல காரியம். ஆனால் பள்ளி எதற்காக நடக்கிறது என்று அந்த வாரம் அங்கே யாராவது கேட்டிருக்கலாம்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து வறட்சி வந்தது.

பதினான்கு மாதம் மழையில்லை. ஈரப்பலா இலையுதிர்த்து நின்றது. தேங்காய்கள் கைப்பிடி அளவுக்குச் சுருங்கின. கிணறுகள் முதலில் உப்பாயின, பிறகு மஞ்சளாயின, பிறகு நாறின. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு வயிறு போயிற்று. ஊர் நர்சிடமிருந்த உப்புக்கரைசல் பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன. அகோயா என்ற இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு, பிறந்து இரண்டு மாதமான இரட்டைப் பெண் குழந்தைகள். புருஷனுக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. குழந்தைகளை அவன் இன்னும் பார்க்கவில்லை. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அவள் தம்பி கிழங்கு பயிரிடும் குழியோரத்து மரத்தில் ஏறி, கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே ஒரு இளநீரைப் பறித்துவந்து கொடுத்திருந்தான். அதை ஈரப்பாயில் சுற்றி, படுக்கிற மேடைக்கு அடியில் வைத்திருந்தாள். கரண்டியால் துளித்துளியாகக் கொடுத்தால் இரண்டு நாள் வரும் என்று கணக்கு.

அன்று முற்பகலில் ஒரு குழந்தைக்குக் கண் மேலே செருகிக்கொண்டது. டோரோமோனைக் கூப்பிட்டார்கள். ஓடிவந்தார். குழந்தைகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பங்குக்குரு இருக்கிற ஊருக்கு ஆள் போய்த் திரும்ப இரண்டு நாள் ஆகும். கிணற்றிலிருந்து ஒரு வாளி கொண்டுவரச் சொன்னார். வந்த தண்ணீரைப் பார்த்தார். நாற்றம் மூக்கைத் தாக்கியது. இந்தக் குழந்தையைக் கொல்வதே இந்தத் தண்ணீர்தான். இதையா ஆண்டவர் பெயரைச் சொல்லி அதன் தலையில் ஊற்றுவது?

அவர் கண் மேடைக்கு அடியில் போயிற்று. அகோயா அதைப் பார்த்தாள். பிறகு அவளே குனிந்து, இளநீரை எடுத்து, பாயைப் பிரித்து, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் சீவித் திறந்தார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, கண் செருகிய குழந்தைக்கு மூன்று முறை ஊற்றினார். அந்தக் குழந்தைக்குத் தெரேதியா என்று பெயர். இன்னொரு குழந்தைக்கும் மூன்று முறை. அதற்கு மீரே என்று பெயர். தாராளமாகவே ஊற்றினார். கடவுள் காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. கூட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிற்பகலில் தெரேதியா இறந்தாள். ஐந்தாம் நாள் மழை பெய்தது. மீரே பிழைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு முன்னால், பாதையோரத்தில், வெள்ளைப் பவளக் கற்களை எல்லை வைத்து அந்தக் குழந்தையைப் புதைத்தார்கள். டோரோமோன் கோயில் பதிவேட்டில் இரண்டு பெயர்களையும் அழகான கையெழுத்தில் எழுதினார்.

பிற்பாடு மிஷன் பள்ளியில் அவர் மறைக்கல்வி சொல்லித்தரத் தொடங்கியபோது, ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கினார். அந்த வாரம் சொல்ல அவரிடம் ஒரே ஒரு கதை இருந்தது. அகோயா அம்மா தன் பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த கடைசி இளநீரைக் கடவுளுக்குக் கொடுத்த கதை. அதை நன்றாகச் சொல்வார். பெண் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடம், இருபத்திரண்டு வகுப்பு. இளநீரில் கொடுத்தால் ஞானஸ்நானம் செல்லுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. கணக்கு வாத்தியார் தப்பாகக் கூட்டினால் அடுத்த தேர்வில் தெரிந்துவிடும். இந்தப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது.

மற்ற வாரங்களில் வியாழக்கிழமை பாடவேளையை அவர் பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்துவிடுவார். தலைமையாசிரியர் இயோதேபா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உபதேசியாரே, பிள்ளைங்கள வாலிபாலுக்கு அனுப்பட்டுமா? போட்டி வருது" என்பார். சுதந்திர தின நடனத்துக்கு ஒத்திகை என்பார். உபரியாக இருக்கும் நேரம் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். டோரோமோனுக்கும் வருத்தமில்லை. வலையை எடுத்துக்கொண்டு காயலுக்குப் போவார்.

அந்த வருடம் பிப்ரவரியில் தலைநகரிலிருந்து சிஸ்டர் ரூத்தா வந்தார். சின்ன உருவம், கரகரத்த குரல். தீவின் ஒன்பது உபதேசியார்களுக்கும் இரண்டு நாள் மறுபயிற்சி. ஊர்மன்றத்தின் பெரிய கூரைக்கடியில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் நடுவில் ஐந்து சிரட்டைகளை வரிசையாக வைத்தார்.

"ஒரு பிள்ளை சாகக் கிடக்குது. சாமி பக்கத்துல இல்ல. நீங்கதான் இருக்கீங்க. எதை எடுப்பீங்க? இது மழைத் தண்ணி."

"செல்லும்."

"இது கிணத்துத் தண்ணி. உப்பு. நாறுது."

கொஞ்சம் தயங்கினார்கள். "செல்லும்" என்றார் சிஸ்டர். "நாத்தம் உங்க மூக்குக்குத்தான். தண்ணி தண்ணிதான். இது கடல் தண்ணி."

"செல்லுமா சிஸ்டர்?"

"தாராளமா. இந்த ஊர்ல தண்ணி இல்லன்னு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நாலு பக்கமும் ஆண்டவர் ஊத்தி வெச்சிருக்கார். இது புளிச்ச கள்."

"கள்ளுல கொடுத்தா பிள்ளை ஆடிக்கிட்டே மோட்சத்துக்குப் போகும்" என்றான் ஒருவன். கூரை அதிரச் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார்.

"செல்லாது. இது இளநீர்."

டோரோமோன் இன்னும் முந்தின சிரிப்பில்தான் இருந்தார். "செல்லாது" என்ற சொல் வந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. சிஸ்டர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். பழச்சாறு, பால், எண்ணெய், இளநீர், எவ்வளவு சுத்தமானாலும் எவ்வளவு அருமையானாலும் அது தண்ணீர் இல்லை. அதில் கொடுத்தால் கொடுத்ததாக ஆகாது. டோரோமோனுக்குக் கூரைக்கு வெளியே காயலின் சலசலப்பு கேட்டது. அன்றும் அது கேட்டிருக்கும். அகோயாவின் வீட்டிலிருந்து கரை நாற்பது அடி.

முன்வரிசையிலிருந்து ஒருவன் திரும்பிப் பார்த்தான். பக்கத்து ஊர் உபதேசியார் பீட்டேரோ. டோரோமோனிடம் மறைக்கல்வி படித்தவன். பார்த்தவன் உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் மன்றத்துக்குப் பின்னால் வந்து நின்றான்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"போன வருஷம் எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு ஜுரம். நானும் இளநீர்லதான்... நீங்க சொன்ன கதைதான் மனசுல இருந்துச்சு. பிள்ளை நல்லாயிருக்கு சார். சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ஃபாதர் வந்து திரும்பக் கொடுத்துருவாராம்."

"ம்."

"உங்க பேர சொல்லல சார்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் டோரோமோன்.

மறுநாள் விமானத்துக்காகச் சிஸ்டர் மணல் ஓடுதளத்தின் ஓரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். டோரோமோன் போய் நின்றார். யாரோ ஒருவர் இளநீரில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாராம் என்று தொடங்கினார். சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்கவில்லை.

"உயிரோட இருக்கிறவங்கன்னா கவலையில்ல" என்றார். "திரும்பக் கொடுத்துக்கலாம்."

"செத்துப்போன பிள்ளைன்னா?"

சிஸ்டர் ஓடுதளத்தில் மேய்கிற பன்றியைப் பார்த்தார். "தண்ணி அவர் நமக்குக் காட்டின வழி. அவருக்கு வேற வழி கிடையாதுன்னு எங்கயும் எழுதி வைக்கல. பிள்ளைங்க மேல அவருக்கு இருக்கிற பிரியம் நம்மளவிடக் குறைவா இருக்காது. அந்தப் பிள்ளைய அவர்கிட்ட ஒப்படைச்சுடலாம். நம்பலாம்."

"நம்பலாமா, இல்ல தெரியுமா சிஸ்டர்?"

"நம்பலாம். தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்."

விமானம் வந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்குத் திரும்பும்போது டோரோமோன் நினைத்தார். பாதி வழியில் அந்த நினைப்பே அவரைக் கூசச் செய்தது. இதுவரை அவர் கற்பித்ததில் எவ்வளவு அவருக்குத் தெரிந்தது, எவ்வளவு அவர் நம்பினது, எவ்வளவு வெறுமனே நன்றாகச் சொல்ல வந்தது என்று பிரித்துப் பார்த்தார். மூன்றாவதுதான் அதிகமாக இருந்தது.

அன்றிலிருந்துதான் பாட்டு போயிற்று. மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாளையைச் சீவும்போது குடுவைக்குள் சொட்டுகிற சத்தம் கேட்கும். மூன்று சொட்டு. நின்று, மறுபடி மூன்று. பதநீர் அப்படிச் சொட்டாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் கேட்டது. அன்று குழந்தையின் நெற்றியில் பட்டு எழுந்த இளநீரின் அந்த இனிப்பு வாசனை எந்த மரத்தடியிலும் வந்தது. அகோயா வீட்டு வழியாகப் போவதை விட்டுவிட்டு, கரை வழியாகச் சுற்றிப் போனார். அங்கே கடல் இருந்தது. அது அதைவிட மோசம்.

தவக்காலம் தொடங்கினதுமே அகோயா கோயில் வாசலில் அவரைப் பிடித்தாள். மீரேவின் கல்யாணம் ஈஸ்டர் முடிந்த மறு சனிக்கிழமை. மிஷன் பள்ளியிலேயே கணக்கு வாத்தியார் வேலையில் சேர்ந்திருந்தாள் அவள். மாப்பிள்ளை தெற்கு ஊரில் படகு கட்டுபவன். ஃபாதர் ஞானஸ்நானச் சான்று கேட்கிறார்.

"புத்தகத்துலேருந்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதானே அண்ணே?"

"அவ்வளவுதான். தரேன்."

மூன்று வாரம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டாள். "என்ன உபதேசியாரே, ஒரு காகிதத்துக்கு இத்தன நாளா? இதுக்குள்ள நான் இன்னொரு ரெட்டையப் பெத்திருப்பேன்." பெண்கள் சிரித்தார்கள். "கையெழுத்து மறந்துபோச்சுன்னா சொல்லுங்க, மீரேவ விட்டுச் சொல்லித்தரச் சொல்றேன்."

அவரும் சிரித்துவைத்தார். வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார். ஒரு வரி எழுதினால் போதும். மீரே மணமேடைக்குப் போவாள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஃபாதரிடம் மட்டும் சொல்லி, மீரேவுக்கு மட்டும் ரகசியமாக ஊற்றிவிட்டால்? ஆனால் மீரேவின் பெயருக்கு மேலே, அதே மையில், அதே நாளில், இன்னொரு பெயர் இருந்தது. மீரேவைத் திருத்தினால் அகோயா அடுத்த நொடி கேட்கப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும். ஒன்றைத் திறக்காமல் மற்றதைத் திறக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனார். அகோயா வீட்டு வாசலில் உட்கார்ந்து, காய்ந்த தாழை மடல்களை மென்மையாக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பாய்க்கு. தெரேதியாவின் கல் எல்லைக்குள் புதுச் சிப்பி மணல் பரப்பியிருந்தாள். கையில் காகிதம் இல்லாமல் வந்து நின்றவரைப் பார்த்து, "உக்காருங்க. மை தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வந்தீங்களா?" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். சுற்றி வளைத்தால் அந்தக் கதையைச் சொல்கிற பழைய அழகு குரலில் வந்துவிடும் என்று பயம். இளநீர் செல்லாது. மீரேவுக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. தெரேதியாவுக்கும் ஆகவில்லை.

அகோயாவின் கை நிற்கவில்லை. ஒரு மடலைச் சுருட்டி முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"மூணு தடவ ஊத்தினீங்க" என்றாள். "ரெண்டு பிள்ளைக்கும் மூணு மூணு. நான் எண்ணினேன்."

அவர் கல் எல்லையைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் போகுதேன்னு எண்ணினேன். அதைக் குடிச்சிருந்தா அன்னிக்குச் சாயந்திரம் இருந்திருப்பாளோ. மறுநாள் இருந்திருப்பாளோ. மழை வர்ற வரைக்கும் இருந்திருப்பாளோ. இருபத்துமூணு வருஷமா இதே கணக்குத்தான் அண்ணே. அப்புறம் எனக்கு நானே சொல்லிக்குவேன், உடம்புக்குப் போகாட்டி என்ன, ஆத்துமாவுக்குப் போச்சுன்னு." மடலைக் கீழே வைத்தாள். "இப்ப அது எங்க போச்சு?"

சிஸ்டர் சொன்னதை அவர் சொன்னார். நம்பலாம் என்றார். அது அவர் வாயில் மெலிந்து கேட்டது.

"கிணத்துத் தண்ணி செல்லுமா?"

"செல்லும்."

"இந்தா, இது?" காயலைக் காட்டினாள். கடலேற்றம் வந்து நீர் தென்னையின் வேர்வரை நின்றிருந்தது.

"செல்லும்."

"உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க. நான் அன்னிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தேன்."

அகோயா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மீன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நல்ல மீனா?"

"ஆமா. சூரை."

அவள் தலையை ஆட்டினாள், கேட்டதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது போல. பிறகு எழுந்து உள்ளே போனாள். டோரோமோன் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வரவில்லை.

மீரேவிடம் அகோயாவே சொன்னாள். மறுநாள் பள்ளியில் மீரே அவரிடம் வந்தாள். கையில் சாக்பீஸ் தூள். "அப்ப இத்தன வருஷம் நான் நற்கருணை வாங்கினது, உறுதிபூசுதல், எதுவும் கணக்குல இல்லையா சார்?"

"முதல்லேருந்து வரணும்மா."

"முதல் வரி தப்புன்னா கீழ எல்லாம் தப்பு. நானும் பிள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்றேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் அழிச்சுட்டு மறுபடி போட்டுக்குவேன். அம்மா நேத்திலேருந்து சாப்பிடல."

ஃபாதரிடம் டோரோமோன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்; ஈஸ்டர் காலையில் ஃபாதர் அந்த ஊர்க் கோயிலுக்கு வந்தார். மீரே வெள்ளை உடுப்பில் நின்றாள். ஃபாதர் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அகோயா ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக வந்து அதன் பக்கத்தில் வைத்தாள். "எங்க கிணத்துத் தண்ணி ஃபாதர். இது போதும்ல?" ஃபாதர் டோரோமோனைப் பார்த்தார். பிறகு வாளியில் கையை விட்டார்.

பூசை முடிந்ததும் பதிவேட்டைத் திறந்தார்கள். மீரேவின் பழைய வரியின் ஓரத்தில் ஃபாதர் குறிப்பு எழுதினார். பேனா மேல் வரிக்கு நகர்ந்தது. "அதுல கை வைக்காதீங்க" என்றாள் அகோயா. கெஞ்சலாகச் சொல்லவில்லை. ஃபாதர் பேனாவை மூடினார். அந்த வரியின் ஓரம் இன்றும் வெறுமையாக இருக்கிறது. தெரேதியா என்ற பெயர், தேதி, உபதேசியாரின் அழகான கையெழுத்து.

கல்யாணத்தில் அகோயா டோரோமோனுக்குச் சாப்பாடு பரிமாறினாள். பேசவில்லை.

அடுத்த வியாழக்கிழமை இயோதேபா சன்னலில் தலையை நீட்டினார். "உபதேசியாரே, வாலிபால்."

"இல்ல சார். பாடம் இருக்கு."

"அட, அடுத்த வாரம் சேத்து எடுத்துக்கோங்க. இதுக்கென்ன பரீட்சையா?"

"நான் ஒருதடவ அப்படித்தான் போனேன் சார்" என்றார் டோரோமோன். இயோதேபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குரலைக் கேட்டுவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அவர் ஐந்து சிரட்டைகளை வரிசையாக வைத்தார். வைத்துக்கொண்டிருக்கும்போதே பின்வாசலில் நிழல் விழுந்தது. அகோயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கடைசி வரிசையில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள்.

"என்ன அகோயா?"

"பாடம் கேக்க வந்தேன். சொல்லுங்க."

அவர் சொன்னார். மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர், கள், இளநீர். பிறகு கதையையும் சொன்னார். இம்முறை தாகத்தோடு ஒரு குழந்தை, அறியாத ஒரு உபதேசியார், நாற்பது அடியில் கடல். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அமைதியாகக் கேட்டார்கள். பழைய கதையை இவர்களுடைய அக்காள் அண்ணன்மாரிடம் எப்படிச் சொன்னார் என்பதையும் சொன்னார். வீட்டில் போய்ச் சொல்லுங்கள், அதைக் கேட்டு யாராவது அப்படிச் செய்திருந்தால் என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றார். தொண்டை காய்ந்திருந்தது. முன்னால் இளநீர் இருந்தது. அதைக் குடிக்க அவருக்குக் கை வரவில்லை.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பிள்ளைகளின் கையைவிடப் பெரிய கை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலையே" என்றாள் அகோயா.

"கடவுள்கிட்ட ஒப்படைச்சிருக்கோம். அவர் பாத்துக்கிட்டார்னு நம்புறோம்."

"தெரியுமா?"

"தெரியாது."

"சரி" என்றாள். "மேல சொல்லுங்க."

அவள் இன்னமும் வியாழக்கிழமைகளில் வருகிறாள். அவர் என்ன பாடம் எடுத்தாலும் வருகிறாள். பேசுவதில்லை, நோட்டு எழுதுவதில்லை, மணி அடிக்கும்வரை எழுவதில்லை. டோரோமோன் முந்தின நாளே உட்கார்ந்து படிக்கிறார். சந்தேகம் வந்தால் கப்பல் வழியாகச் சிஸ்டருக்குக் கடிதம் போடுகிறார். மரத்தில் மறுபடி பாடத் தொடங்கிவிட்டார், கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று. மூன்று சொட்டின் சத்தம் நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சிரட்டைகளின் வாரம் வரும்போது மட்டும் பின்வரிசையில் அந்தக் கை உயர்கிறது. அதே கேள்விதான். தெரியும் என்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் அவருக்கு நாக்கு நுனிவரை வருகிறது. தெரியாது என்றே சொல்கிறார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கையை இறக்கிக்கொள்கிறாள்.